எறும்பும் ஈரமும்: கடைவீட்டுக்காரர்களுக்கு ஒரு பாடம்



எறும்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று எண்ணிப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். நம்மிற் பலர் மளிகை, மசாலைத் தூள், பேரீத்தம்பழம், மிட்டாய், சாப்பாட்டுக்கடை ஆகிய தொழில்களில் இருப்பவர்கள். நம்முடைய சரக்கு பெரும்பாலும் எறும்புக்கு விருந்தாகக் கூடியது. வாடிக்கையாளர் ஒருவர் நம்மிடம் வாங்கிச் சென்ற சீனிப் பொட்டலத்தை வீட்டிலே பிரிக்கிறார். அதில் நான்கு எறும்புகள் ஊர்கின்றன. அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து நம்மோடு சண்டையிடுவதில்லை. பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். அந்த நட்டம் நம் பேரேட்டின் எந்தப் பக்கத்திலும் பதிவாவதில்லை. ஆனால் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது, வியாபாரம் ஏன் குறைந்தது என்று தெரியாமல் தவிக்கிறோம்.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. மலேசியாவில் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, சுகாதாரமற்ற உணவுக்கடையை 14 நாட்கள் வரை மூடிவைக்க அதிகாரம் அளிக்கிறது. சிங்கப்பூரில் உணவுக்கடைகளின் சுத்தத்தை 2019 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் உணவு முகவை கவனித்து வருகிறது. ஆகவே இது பெண்டிர் அடுக்களையில் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு காரியம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. கல்லாவில் அமர்ந்திருப்பவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். கண்ணில் படும் எறும்பின்மேல் மருந்தைத் தெளிப்பதால் எறும்பு ஒழிவதில்லை. சில வகை எறும்புகள் அதனால் பெருகவே செய்கின்றன. முதலில் ஈரத்தை நிறுத்த வேண்டும். பிறகு உணவை மூட வேண்டும். அதற்குப் பிறகும் எறும்பு இருந்தால், அதன் கையாலேயே மருந்தைக் கூட்டுக்குள் அனுப்ப வேண்டும். இந்த வரிசை ஏன் மாறக்கூடாது என்பதை இனிப் பார்ப்போம்.

நம் ஊர்க் காற்று

சிங்கப்பூரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டில் ஏறக்குறைய 170 நாட்கள் மழை நாட்களே. விடியுமுன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. மழையில்லாத நாளின் பிற்பகலிலே கூட 60 விழுக்காட்டை ஒட்டித்தான் இறங்குகிறது. மலாயாத் தீபகற்பத்தின் நிலையும் பெரும்பாலும் இதுவே. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரையும், மேற்குக் கரையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டியும் மழை மிகுதியாக இருக்கிறது.

எறும்பின் உடல் மிகச் சிறியது. வறண்ட காற்றில் அதன் உடலிலுள்ள நீர் விரைவில் வற்றிவிடும். அதன் முட்டைக்கும் புழுவுக்கும் ஈரமான இடம் இன்னும் அவசியம். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து எறும்புக்கு ஓய்வு கொடுக்கிறது. நம் ஊரில் அத்தகைய ஓய்வு கிடையாது. வெப்பமும் ஈரமும் பன்னிரண்டு மாதமும் ஒன்றாகவே இருப்பதால், கூடு ஆண்டு முழுவதும் இனம் பெருக்கிக்கொண்டே இருக்கிறது.

பெருமழை பெய்யும்போது மண்ணிலுள்ள கூடுகளில் நீர் புகுந்துவிடுகிறது. அப்போது எறும்புகள் முட்டைகளைச் சுமந்துகொண்டு மேடான, உலர்ந்த இடம் தேடி வருகின்றன. நம் கடைவீட்டின் சுவர் வெடிப்பும், தரைப்பலகையின் இடுக்கும், அஞ்சடித் தூணின் அடியும் அவற்றுக்குத் தயாரான வாடகை வீடுகள். மழைக்கு ஒதுங்க வந்தவை, உள்ளே உணவும் நீரும் கிடைப்பதைக் கண்டபின் திரும்பிப் போவதில்லை.

ஒரு கூட்டின் நிருவாகம்

எறும்புக் கூட்டை ஒரு பெரிய வியாபார நிறுவனமாக எண்ணிப் பாருங்கள். நம் கண்ணில் படுபவை வெளியே சென்று சரக்குப் பிடித்து வரும் ஆட்கள் மாத்திரமே. அவை கூட்டின் மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கு. முதலாளியாகிய இராணியும், வளரும் புழுக்களும், அவற்றைப் பேணும் தாதிகளும் சுவருக்குள்ளே இருக்கின்றன. வெளியே போன ஆட்களில் ஐம்பது பேரைக் கொன்றால், உள்ளேயிருந்து வேறு ஐம்பது பேர் அவ்வேலைக்கு வந்துவிடுவார்கள். இராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் வரை அந்த நிறுவனம் மூடப்படுவதில்லை.

இரண்டு செய்திகளை இங்கு மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, எறும்பு தன் வழியை மணத்தால் அறிகிறது. உணவைக் கண்ட எறும்பு திரும்பும்போது தன் உடலிலிருந்து ஒரு திரவத்தைத் தரையிலே கோடாக இட்டு வருகிறது. மற்றவை அந்தக் கோட்டைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் வில்சன் 1959-இல் நெருப்பெறும்பின் உடலிலிருந்து அந்தச் சுரப்பியை எடுத்துக் கண்ணாடியிலே கோடிழுத்து, எறும்புகள் அக்கோட்டின் வழியே ஓடுவதைக் காட்டினார். நாம் தரையைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் என்கிறோம். எறும்புக்கோ அங்கே நெடுஞ்சாலை போடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, வளர்ந்த எறும்பு திடப்பொருளை விழுங்க இயலாது. நீராகவோ எண்ணெயாகவோ உள்ளதையே அது உறிஞ்சுகிறது. அவ்வாறு உறிஞ்சியதை உடனே தனக்கென்று செரித்துக்கொள்வதும் இல்லை. அதன் வயிற்றில் பொதுச்சேமிப்புப் பை ஒன்று இருக்கிறது. கூட்டுக்குத் திரும்பி, வாயோடு வாய் வைத்து, அதிலுள்ளதை மற்ற எறும்புகளுக்கு ஊட்டுகிறது. திடமான துணுக்குகள் புழுக்களுக்குப் போகின்றன. இவ்வாறு ஒரு துளி பாகு பல வாய்களைக் கடந்து இராணியின் வாய் வரை சென்றுவிடும். இரை வைக்கும் முறை முழுவதும் இந்த வழக்கத்தை நம்பியே அமைந்திருக்கிறது.

இனம் அறிதல்

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நம் வட்டாரத்து வீட்டு எறும்புகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் கடைகளில் அடிக்கடி காண்பவற்றுள் நான்கினை மட்டும் அறிந்துகொண்டால் போதும். ஒரு சிறு பூதக்கண்ணாடி இருந்தால் நலம்.

பிர்அவ்ன் எறும்பு: ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். வயிற்றின் முனை சற்றுக் கறுத்திருக்கும். எகிப்திய அரசரின் பெயரை இதற்கு 1758-இல் லின்னேயஸ் என்னும் அறிஞர் வைத்தார். ஒரு கூட்டில் பல இராணிகள் இருக்கும். இனிப்பைக் காட்டிலும் எண்ணெயும் இறைச்சியும் மீனும் இதற்கு மிகவும் பிடிக்கும். மருத்துவமனைகளுக்கு இது பெருந்தொல்லை. இங்கிலாந்து மருத்துவமனைகளில் இவ்வெறும்பு நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது. சாக்கடையிலும் புண்ணின் கட்டுத்துணியிலும் ஊர்ந்த கால்களோடு உணவிலும் ஊர்வதே இதற்குக் காரணம்.

பேய் எறும்பு: இதுவே மிகச் சிறியது, 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலை கறுத்தும், வயிறும் கால்களும் வெளுத்தும் இருப்பதால், வெள்ளை ஓட்டின்மேல் ஊரும்போது தலை மட்டும் நகர்வது போலத் தோன்றும். நசுக்கினால் அழுகிய தேங்காயின் வாடை வரும். சீனி, தேன், பாகு ஆகியவற்றை நாடும். இதற்கும் பல இராணிகள் உண்டு. பூந்தொட்டி மண்ணிலும், சுவர் இடுக்கிலும், பாத்திரம் கழுவும் தொட்டியின் பின்னாலும் குடியிருக்கும்.

சிங்கப்பூர் எறும்பு: 2 முதல் 3½ மில்லிமீட்டர் வரை ஒரே கூட்டில் பல அளவுகளில் காணப்படும். உடல் மஞ்சட்பழுப்பு, வயிறு கறுப்பு. கடிக்கும். துணியையும் இரப்பரையும் மின்கம்பியின் மேலுறையையும் அரித்துவிடும். ஆகையால் துணிக்கடைக்காரர்களும் இதனை அறிதல் வேண்டும். பெயர் சிங்கப்பூருடையதாயினும் இதனை முதன்முதல் விவரித்து எழுதியது நம் தென்னிந்தியாவிலிருந்துதான். ஜெர்டான் என்னும் ஆங்கில மருத்துவர் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டு 1851-இல் சென்னையிலிருந்து வெளிவந்த இதழொன்றில் எழுதியபோது, 'அழிப்பவன்' என்னும் பொருளுடைய பெயரை இதற்கு இட்டார். மூட்டைகளோடும் பெட்டிகளோடும் கப்பலேறி உலகின் வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் இது பரவிவிட்டது.

கிறுக்கெறும்பு: கறுப்பு நிறம், மிக நீண்ட கால்களும் உணர்கொம்பும் உடையது. மற்ற எறும்புகளைப் போல் ஒழுங்கான வரிசையில் செல்லாமல் அங்குமிங்கும் விரைந்து ஓடும். அதனாலேயே இப்பெயர். பெரும்பாலும் வெளியே மண்ணிலும் குப்பையிலும் கூடுகட்டி, உள்ளே வந்து இரை தேடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி ஈசல் பறந்து, காலையில் இறகுகள் குவிந்து கிடந்தால், அது எறும்பாக இராமல் கரையானாக இருக்கலாம். எறும்புக்கு இடை மெலிந்திருக்கும். முன்னிறகு நீண்டும் பின்னிறகு குறுகியும் இருக்கும். கரையானுக்கு இடை பருத்து, நான்கு இறகுகளும் ஒரே நீளமாக இருக்கும். கரையான் மரத்தைத் தின்று கட்டடத்தையே பாழாக்குவது. அதற்கு வைத்தியம் வேறு. தாமதமின்றி அத்தொழில் அறிந்தவரை அழைக்க வேண்டும்.

தெளிப்பு மருந்தால் வரும் நட்டம்

எறும்பு வரிசையைக் கண்டவுடன் புட்டியை எடுத்துத் தெளிப்பது நம் வழக்கம். ஐந்து நிமிடத்தில் தரையெங்கும் செத்த எறும்புகள். மனத்துக்கு ஒரு திருப்தி. ஆனால் இரண்டு வாரம் கழித்து, முன்பு ஓரிடத்தில் இருந்த தொல்லை மூன்றிடங்களில் தோன்றுகிறது. இது ஏன்?

பிர்அவ்ன் எறும்பும் பேய் எறும்பும் பல இராணிகளை உடையவை என்றோம். அவற்றின் புதிய கூடு இராணி பறந்து சென்று உண்டாவதன்று. பழைய கூட்டிலிருந்து ஓர் இராணியும் சில வேலைக்கார எறும்புகளும் முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்க் குடியேறுவதால் உண்டாகிறது. பிர்அவ்ன் எறும்பில் இராணி இல்லாமல் போனாலும், இருக்கும் இளம் புழுக்களிலிருந்து புதிய இராணியை வளர்த்துக்கொள்ள அவற்றால் முடியும். கூட்டுக்கு ஆபத்து என்று உணர்ந்தால் இப்படிப் பிரிந்து செல்வது விரைவாகிறது. நாம் தெளிக்கும் மருந்தே அந்த ஆபத்து. கூட்டுக் குடும்பத்தை அச்சுறுத்தி நான்கு தனிக் குடித்தனமாக்கி விடுகிறோம். ஒரு கடை நான்கு கிளைகளாகிறது.

மசாலைப் பொருள்களும் திறந்த உணவும் உள்ள இடத்தில் நச்சுப் புகையைத் தெளிப்பதன் தீங்கைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. வீதியில் மலிவாக விற்கும் எறும்புச் சாக்குக்கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பள்ளிச் சாக்குக்கட்டி போலவே இருப்பதால் குழந்தைகள் எடுத்து வாயில் வைத்துவிடுகிறார்கள். அதில் பூச்சிக்கொல்லி மருந்து கலந்திருக்கிறது. கோடு கிழித்த இடத்தைத் தவிர்த்து எறும்பு சுற்றிக்கொண்டு வருமேயன்றிக் கூடு அழிவதில்லை. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, விற்கப்படும் மருந்துகள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவெண் அச்சிடப்படாத எதனையும் வாங்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

கிராம்பு, மஞ்சள்தூள், வினிகர் முதலிய கைமருந்துகளால் பயன் உண்டா என்று கேட்பவர் உண்டு. அவற்றின் மணம் எறும்பின் சாலைக் கோட்டை மறைத்து, சிறிது நேரம் வழியை மாற்றும். கூட்டை அவை தொடுவதில்லை. தற்காலிகமாக ஒரு மேசையைக் காக்க உதவும், அவ்வளவே.

முதற்படி: ஈரத்தை நிறுத்துதல்

ஒரு நாள் காலையிலும் ஓர் இரவிலும் கைவிளக்கோடு கடையையும் வீட்டையும் சுற்றி வாருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். நீர் நிற்கும் இடம், சொட்டும் இடம், வியர்க்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் காணக் கிடைப்பவை இவை:

பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க்குழாய் மூட்டு கசிதல். ஏர்கண்டிஷன் நீர்க்குழாய் அடைத்துச் சுவரில் வழிதல். ஐஸ்பெட்டியின் பின்புறத் தட்டில் நீர் தேங்குதல். குளிர்ந்த குழாயின்மேல் நீர்த்துளி பூத்துச் சொட்டுதல். கூரை ஓடு பெயர்ந்து பரண் பலகை நனைதல். தரை துடைத்த துணியை ஈரத்தோடு மூலையில் சுருட்டிப் போடுதல். சுவரோடு ஒட்டி அடுக்கிய அட்டைப்பெட்டிகள் தரையின் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போதல்.

கடைசியிற் கூறியது நம் கிட்டங்கிகளின் தலையாய குறை. ஈரமேறிய அட்டைப்பெட்டியின் மடிப்பு எறும்புக்கு ஆயத்தமான கூடு. அதனை வண்டியேற்றி வேறு கடைக்கு அனுப்பும்போது கூட்டையும் சேர்த்தே அனுப்புகிறோம். ஆகவே மூட்டைகளையும் பெட்டிகளையும் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த பலகை மேடையில், சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி அடுக்குக. நடுவே காற்றுப் போகட்டும், துடைப்பமும் போகட்டும். வந்த சரக்கில் அட்டைகளை அன்றே பிரித்து அப்புறப்படுத்துக. முன் வந்த சரக்கை முன்னே விற்றுவிடுக.

கசியும் குழாயைச் சீர்செய்ய ஆகும் செலவு ஒரு முறைதான். கசியவிட்டால் மருந்துச் செலவு மாதந்தோறும் வரும். கணக்குத் தெரிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம்படி: உணவை மூடுதல்

சீனி, கருப்பட்டி, பேரீத்தம்பழம், பொரித்த பண்டம், நெத்திலி, நிலக்கடலை ஆகியவற்றை இறுகிய மூடியுள்ள டப்பாக்களில் வைக்க வேண்டும். மூடியின் மரையில் ஒட்டிய பாகைத் துடைக்காவிட்டால் டப்பாவால் பயனில்லை. எண்ணெய்த் தகரத்தின் அடியில் வட்டமாகப் படிந்த பிசுக்கை அன்றாடம் துடைக்க வேண்டும். குப்பைத் தொட்டியை இரவிலே உள்ளே வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. தராசுத் தட்டு, அளவுக் கரண்டி, தேநீர் கலக்கும் மேசை ஆகியவற்றைக் கடை மூடுமுன் சோப்பு நீரால் கழுவுக. சோப்பு நீர் அழுக்கோடு எறும்பின் மணக்கோட்டையும் போக்கிவிடும்.

இவ்விடத்தில் நம் முன்னோர் வழக்கம் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. உணவு அலமாரியின் நான்கு கால்களையும் நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்துவது அக்காலத்தில் வீடுதோறும் இருந்தது. எறும்பைத் தடுப்பதற்கு அது நல்ல உபாயமே. ஆனால் அந்தக் கிண்ணத்து நீரில்தான் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டது. 1960-களில் சிங்கப்பூரில் கொசு ஆராய்ச்சி செய்தவர்கள், வீடுகளுக்குள் அக்கொசு பெருகும் இடங்களில் முதன்மையானவற்றுள் ஒன்றாக இந்த எறும்புக் கிண்ணத்தையே கண்டார்கள். 1968-இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் அங்கு வந்தது. இன்றும் வீட்டிலோ கடையிலோ கொசுப்புழு காணப்பட்டால் அபராதம் உண்டு. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் அளவே போதும். எறும்புக்குப் பயந்து கொசுவை வளர்ப்பது எவ்வகையிலும் இலாபமாகாது.

ஆகவே வெறும் நீர்க்கிண்ணத்தை விட்டுவிடுங்கள். அலமாரிக் காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவலாம். தூசி படிந்தால் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். முகப்பவுடர் தூவுவாரும் உண்டு. நம் ஈரக்காற்றில் அது விரைவில் கட்டிப்போய்ப் பயனற்றதாகிவிடும். அலமாரி சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டு நின்றால் காலுக்குப் போட்ட காவல் வீண்.

மூன்றாம்படி: இரை வைத்தல்

மேற்கூறிய இரண்டையும் செய்தாலே பல கடைகளில் தொல்லை குறைந்துவிடும். பின்னும் எறும்பு வந்தால் இரை வைக்க வேண்டும்.

முதலில் அதன் விருப்பத்தை அறிக. ஓர் அட்டைத் துண்டில் துளி தேன், துளி நிலக்கடலை வெண்ணெய், சிறிது டின் மீன் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்து, எறும்பு வரும் வழியருகே ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். எதிலே கூட்டம் சேர்கிறதோ அதனைச் சார்ந்த இரையே வேண்டும். பேய் எறும்பு பெரும்பாலும் தேனுக்கு வரும். பிர்அவ்ன் எறும்பும் சிங்கப்பூர் எறும்பும் எண்ணெய்ச் சத்துள்ளதை நாடும். கூட்டில் புழுக்கள் மிகுந்திருக்கும்போது விருப்பம் மாறுவதும் உண்டு. அதனால் இச்சோதனையை இடையிடையே செய்து பார்ப்பது நலம்.

கடையில் விற்கும் பதிவு பெற்ற இரை மருந்துகளே உணவுக்கடைக்கு ஏற்றவை. மூடிய சிறு டப்பாவில் வருவதால் சரக்கில் கலக்கும் அபாயம் குறைவு. பிர்அவ்ன் எறும்புக்கு ஹைட்ராமெத்தில்நான் அல்லது மெத்தோபிரீன் கலந்த இரைகள் பயன்பட்டு வருகின்றன. முன்னது மெதுவாகக் கொல்வது. பின்னது இனப்பெருக்கத்தை நிறுத்துவது.

இனிப்பை நாடும் எறும்புக்கு வீட்டிலே செய்யக்கூடிய இரையும் உண்டு. 100 மில்லிலிட்டர் வெந்நீரில் 10 கிராம் சீனியும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து ஆறவிடுக. பஞ்சில் நனைத்து, மேலே சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து எறும்பின் பாதையோரத்தில் வைக்கவும். நம் தட்பவெப்பத்தில் இது விரைவில் புளித்துப் பூசணம் பிடிக்கும். ஆகையால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மருந்து கூடினால் வேலை விரைவாகும் என்று எண்ணி அமிலத்தை அதிகமாக்க வேண்டாம். அதிகமானால் எறும்பு சுவையறிந்து விலகும். அல்லது கூட்டை அடையுமுன் வழியிலே சாகும். மெதுவாக வேலை செய்வதே இதன் பலம்.

போரிக் அமிலம் சீனியும் உப்பும் போலவே வெண்மையானது, உட்கொண்டால் நஞ்சு. அதை ஒருபோதும் சரக்கு அலமாரியில் வைக்கக் கூடாது. பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பூட்டிய இடத்தில், குழந்தைகளுக்கும் வேலையாட்களுக்கும் தவறிக் கைபடாதவாறு வைத்தல் வேண்டும். கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு இல்லாதவர் இதைச் செய்யாமல் ஆயத்த இரையையே வாங்குவது நல்லது.

இரை வைத்தபின் அனுசரிக்க வேண்டிய ஒழுங்குகள்:

இரையருகே தெளிப்பு மருந்து அடிக்கலாகாது. இரை இருக்கும் வரை அந்தப் பாதையைச் சோப்பால் கழுவவும் வேண்டாம். இப்போது அந்தச் சாலை நமக்கே வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்கள் எறும்பு முன்னிலும் அதிகமாக வரும். பயந்து அடித்துவிடாதீர்கள், மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரை தீர்ந்தால் உடனே நிரப்புக. ஓரிடத்தில் நிறைய வைப்பதைவிடப் பலவிடங்களில் சிறிது சிறிதாக வைப்பதே சிறந்தது. பக்கத்துக் கடையோடு சுவர் பொதுவாயின் இருவரும் ஒரே காலத்தில் இரை வைக்க வேண்டும். இல்லையேல் எறும்பு உங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் குடிபெயர்ந்து, பிறகு திரும்பி வரும்.

எத்தனை நாள் பொறுப்பது? 27 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள நிலையில் பிர்அவ்ன் எறும்பின் முட்டை வேலைக்கார எறும்பாவதற்கு ஏறத்தாழ 38 நாட்கள் ஆகின்றன. நம் ஊர்க் காற்றுக்கு மிக நெருங்கிய அளவு இது. இன்று முட்டையாக இருப்பது அடுத்த மாதம் நம் சரக்கில் ஊரும். ஆகவே எறும்பு கண்ணில் படாத பின்னும் ஆறு வாரமாவது இரையை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகே சுவர் வெடிப்புகளையும் குழாய் நுழையும் துளைகளையும் சிமெண்டு பூசி அடைக்க வேண்டும். கூடு உள்ளே உயிரோடிருக்கும்போது ஒரு வாயிலை அடைத்தால், அது வேறு வாயிலைத் தேடிக்கொள்ளும்.

எறும்பைக் கொல்லலாமா?

இக்கேள்வி நம்மவர் உள்ளத்தில் எழுவது இயல்பே. திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையே உடையது. கொல்லலாகாத உயிர்களுள் எறும்பையும் தேனீயையும் சேர்த்துக் கூறும் நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. எறும்புப் புற்றைத் தீயிட்டுக் கொளுத்துவதைக் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு. தீங்கு செய்யும் எறும்பை வேறு வழியில் விலக்க முடியாதபோது அகற்றலாம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிம்களைக் கேட்டறிக.

நாம் மேலே கூறிய வரிசை இதற்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். ஈரத்தை நிறுத்துவதிலும் உணவை மூடுவதிலும் எந்த உயிரும் சாவதில்லை. இரை வைப்பது கடைசிப்படி. பயனின்றி ஆயிரக்கணக்கில் கொல்வது தெளிப்பு மருந்தே. மேலும் தோட்டத்து மரத்தில் இலைகளைப் பின்னி வாழும் கெரங்கா என்னும் முசுறு, மரத்துக்குத் தீங்கு செய்யும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. வீட்டைத் தொடாத வரை அதனை அதன் போக்கில் விட்டுவிடுவதே முறை. வீட்டைத் தொடும் கிளையை வெட்டிவிட்டால் அதன் வருகையும் நின்றுவிடும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கண்ணில் படுவது கூட்டின் சிறு பங்கு. அதைக் கொல்வதால் கூடு அழியாது.

2. பல இராணிகளுள்ள எறும்பின்மேல் மருந்து தெளித்தால் ஒரு கூடு பலவாகும்.

3. ஈரத்தை நிறுத்துவது முதல் வேலை. உணவை மூடுவது இரண்டாவது. இரை வைப்பது மூன்றாவது. வெடிப்பை அடைப்பது கடைசி.

4. அலமாரிக் காலுக்கு நீர்க்கிண்ணம் வைக்காதீர்கள். அது கொசுவின் தொட்டில்.

5. இரையில் மருந்து குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் இருக்கட்டும். ஆறு வாரம் தவறாமல் கவனிக்க வேண்டும்.

6. மருந்துப் பொருளைச் சரக்கோடு சேர்த்து வைக்கலாகாது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. கல்லே தேயுமாயின், வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கை தேய எத்தனை நாளாகும்? இந்த வாரமே ஒரு மாலையில் கடையைச் சற்று முன்னதாக மூடி, கைவிளக்கும் தாளும் எடுத்துக்கொண்டு நீர் சொட்டும் இடங்களைக் குறிக்கத் தொடங்குங்கள். கடையில் வேலை செய்யும் தம்பிமார்களையும் உடன் அழைத்துக் காட்டுங்கள். நாள்தோறும் கூட்டித் துடைப்பவர்கள் அவர்களே. காரணம் அறிந்து செய்தால் வேலை செம்மையாக நடக்கும்.